ஆர்ட் ஜர்னல் பின்னணி: நாலாவது அடுக்கிலேயே எல்லாம் சேற்று நிறமாகிறது, ஏன்?

#1 மைத்துளி
ஏ5 ஜர்னல், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாள். ஜெஸ்ஸோ (பெயின்டுக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) ஒரு கோட், அதன் மேல் அக்ரிலிக்கில் மஞ்சள், ஆரஞ்சு, ஓரங்களில் நீலம், பிறகு ஸ்டென்சில் வைத்து ஊதா. இரண்டாவது அடுக்கு வரைக்கும் பக்கம் பளிச்சென்று நிற்கிறது. நாலாவதுக்கு வரும்போது குளத்தடிச் சேறு. இன்னொரு சந்தேகம்: ரோஸ் ஸ்ப்ரே இங்க் அடித்த இடத்தில் வெள்ளை ஜெஸ்ஸோ இரண்டு கோட் போட்டாலும் ரோஸ் மேலே ஏறி வருகிறது. தாளும் நெளிகிறது. மூன்றுக்கும் வழி சொல்லுங்களேன்.

#2 சாம்பல்பூனை
அவசரம்தான் காரணம். ஒரு அடுக்கு முழுசா காயாம அடுத்ததைப் போட்டா பிரஷ் கீழே இருக்கறதையும் கிளறி எடுத்துக்கும். மெல்லிய அக்ரிலிக் தொட்டா ஒட்டாத நிலைக்கு வர 10 முதல் 20 நிமிஷம் ஆகும். புறங்கையை வெச்சுப் பாருங்க. சில்லுனு இருந்தா உள்ளே இன்னும் ஈரம் இருக்கு. காயவிட்டுப் போடுங்க, சேறு வராது.

#3 ஏழாம்அடுக்கு
பூனையார் சொன்னது பாதிதான். காயவிட்டாலும் சேறு வரும். காய்ந்த ஆரஞ்சின் மேல் தாலோ நீலத்தை (வீரியமான அடர்நீலம்) மெல்லியதாக, பக்கம் முழுக்கப் பூசிப் பாருங்கள். பிரஷ் எதையும் கிளறாது, ஆனாலும் கண்ணுக்குப் பழுப்புதான் தெரியும். நீலப் படலம் வழியாகக் கீழே போகும் ஒளியில் ஆரஞ்சு திருப்பி அனுப்பக்கூடியது மிச்சமே இருக்காது. ஈரத்தில் கலந்தாலும் படலமாக ஏறினாலும், ஒன்றுக்கொன்று எதிர் நிறங்கள் ஒன்றையொன்று அணைத்துவிடும்.

ஆக இரண்டு விதி. ஈரமாக இருக்கும்போது ஒரே அடுக்கில் மஞ்சள், மஜெந்தா, நீலம் மூன்றில் இரண்டு மட்டும். மஞ்சளும் மஜெந்தாவும் எப்படிக் கலந்தாலும் ஆரஞ்சு, பவழம், சிவப்பு என்றுதான் போகும். சேறாக வழியே இல்லை. மூன்றாவது நிறம் உள்ளே வந்த நிமிஷம்தான் பழுப்பு பிறக்கிறது. ஆரஞ்சும் நீலமும் என்றால் பெயரளவில் இரண்டு நிறம், ஆனால் ஆரஞ்சுக்குள்ளேயே இரண்டு இருக்கிறது. உங்கள் மஞ்சள்–ஊதாவும் அதே கதை.

இரண்டாவது விதி: எதிர் நிறம் கட்டாயம் வேண்டுமென்றால், கீழ் அடுக்கு காய்ந்த பிறகு, மறைக்கும் தன்மையுள்ள பெயின்டில், தீவு தீவாக வையுங்கள். பக்கம் முழுக்க இழுக்காதீர்கள். ஆரஞ்சுப் பரப்பில் வெள்ளை கலந்த இளநீலத்தில் பத்துப் புள்ளி வைத்தால் பக்கமே அதிரும். அதே நீலத்தைத் தண்ணீராக்கி மேலே ஓட்டினால் செத்துப்போகும்.

#4 மைத்துளி
எது மறைக்கும், எது கண்ணாடி மாதிரி தெரியும் என்று டியூபைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

#5 ஏழாம்அடுக்கு
நல்ல டியூப்களில் சின்னச் சதுரம் அச்சிட்டிருக்கும். வெற்றுச் சதுரம் என்றால் ஒளி ஊடுருவும், பாதி நிரம்பியது இடைநிலை, முழுக்க நிரம்பியது மறைக்கும். சதுரம் இல்லையா, ஒரு தாளில் கறுப்பு பெர்மனென்ட் மார்க்கரில் தடித்த கோடு இழுத்து, எல்லா டியூபிலிருந்தும் ஒரு பட்டை அந்தக் கோட்டின் குறுக்கே பூசுங்கள். காய்ந்த பிறகு கோட்டின் மேல் நிறம் படிந்து தெரிந்தால் மறைக்கும் வகை. கோடு அப்படியே கறுப்பாக இருந்தால் ஊடுருவும் வகை. அந்தத் தாளை ஜர்னலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், தினமும் உதவும்.

குவினாக்ரிடோன் மஜெந்தா, தாலோ நீலம், தாலோ பச்சை, நிக்கல் அசோ மஞ்சள் எல்லாம் கண்ணாடி மாதிரி. காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள், டைட்டானியம் வெள்ளை மறைக்கும். தாலோ இரண்டும் பொல்லாதவை. குண்டூசித் தலையளவு போதும், ஒரு தேக்கரண்டி மஞ்சளையே பச்சையாக்கிவிடும். டியூபிலிருந்து நேரே பக்கத்தில் பிதுக்க வேண்டாம்.

#6 தூரிகைவால்
யாரும் கவனிக்காத ஒன்று, மலிவு கிராஃப்ட் பெயின்ட். நிறைய பாட்டில்களில் நிறத்தோடு வெள்ளையும் நிரப்புப் பொடியும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். தனியாகப் பார்க்க அழகு. மூன்று அடுக்கு ஏறினால் பக்கமே சுண்ணாம்பு அடித்த மாதிரி மங்கிப்போகும். இது சேறு இல்லை, மூட்டம். மருந்தும் வேறு. பின்னால் பிக்மென்ட் எண் போட்டிருந்தால் பாருங்கள்: பி.டபிள்யூ.6 என்றிருந்தால் டைட்டானியம் வெள்ளை உள்ளே இருக்கிறது.

அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். கிராஃப்ட் பெயின்டை அடி அடுக்குக்கும் ஸ்டென்சிலுக்கும் வையுங்கள். மேலே ஓட்டும் கண்ணாடி அடுக்குக்கு மட்டும் வெள்ளை இல்லாத மூன்று டியூப், அதாவது மஞ்சள், மஜெந்தா, நீலம், நல்லதாக வாங்கினால் போதும்.

#7 காகிதக்கப்பல்
ரோஸ் ஏறி வருவதற்குப் பதில். உங்கள் ஸ்ப்ரே டை வகை. டை என்பது தண்ணீரில் கரையும் சாயம். பிக்மென்ட் என்பது கரையாத துகள். ஜெஸ்ஸோவிலும் தண்ணீர் இருக்கிறது அல்லவா, அது சாயத்தைக் கரைத்து, தான் ஆவியாக மேலே வரும்போது கூடவே இழுத்து வருகிறது. மூன்றாவது கோட் போட்டாலும் மூன்றாவது முறை இழுக்கும். ஜெஸ்ஸோ மேல் குற்றமே இல்லை.

முன்கூட்டியே சோதிக்க: ஸ்ப்ரே நன்றாகக் காய்ந்த பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியால் ஓரத்தில் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அது நகரும் இங்க். அதன் மேல் தண்ணீர் சார்ந்த எதையும் பிரஷ்ஷால் போடாதீர்கள், மேட் மீடியம் (பளபளக்காத, நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு, பசையாகவும் உதவும்) உட்பட. சால்வென்ட் அடிப்படையிலான ஸ்ப்ரே வார்னிஷை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து இரண்டு மெல்லிய கோட், இடையில் காயவிட்டு. அடிப்பது வெளியில், காற்றோட்டமாக. இல்லையென்றால் அந்த இடத்தை வெள்ளையாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு அதன் மேல் தடித்த தாளை ஒட்டிவிடுங்கள், அல்லது அடர்நிறம் பூசுங்கள். ரோஸுக்கு மேல் அடர் ஊதா போட்டால் ஏறி வந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

ஸ்ப்ரே மாதிரி ஓட்டமும் வேண்டும், நகரவும் கூடாது என்றால் அக்ரிலிக் இங்க். காய்ந்தால் கிளம்பாது. பாட்டிலில் ஒரு பங்கு இங்க், இரண்டு பங்கு தண்ணீர். அடித்து முடித்ததும் மூக்கைக் கழற்றி வெந்நீரில் பீய்ச்சுங்கள். மறந்தால் மறுநாள் அடைத்துக்கொள்ளும், பிறகு குப்பைதான்.

#8 நூல்கட்டு
தாள் பற்றி. 160 ஜிஎஸ்எம் ஸ்கெட்ச் தாள் இத்தனை ஈரம் தாங்காது. மிக்ஸட் மீடியாவுக்கு 200-க்குக் கீழே போகாதீர்கள். தண்ணீர் ஓட்டம் அதிகம் என்றால் 300 வாட்டர்கலர் தாள். இருக்கிற ஜர்னலையே காப்பாற்ற வேண்டுமானால் அடுத்தடுத்த இரண்டு தாளை ஒட்டி ஒன்றாக்குங்கள். பசையைக் கெட்டியாக, மெல்லியதாக, விளிம்பு வரைக்கும் தடவி, நடுவிலிருந்து வெளியே தேய்த்து, பேக்கிங் பேப்பர் (கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள்) நடுவில் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு. விளிம்பில் பசை படாமல் விட்டால் அந்த இடம்தான் முதலில் வாய் திறக்கும்.

நெளிவதற்குக் காரணம் தாளின் ஒரு முகம் மட்டும் ஈரத்தில் நீண்டு, பூச்சு காயும்போது அதே முகம் இழுத்துச் சுருங்குவது. பின்முகத்துக்கும் ஒரு கோட் ஜெஸ்ஸோ கொடுத்தால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நேராகிவிடும்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். இத்தனை அடுக்கும் ஒட்டுத்தாளும் ஏறினால் ஜர்னல் வாய் பிளந்த முதலை மாதிரி நிற்கும். ஆரம்பத்திலேயே மூன்று தாளுக்கு ஒன்று வீதம், தையலிலிருந்து 2 செ.மீ. விட்டு வெட்டி எடுங்கள். அடியோடு கிழித்தால் அதே மடிப்பில் இருக்கும் மறுபாதித் தாள் கழன்று வந்துவிடும். 2 செ.மீ. அடித்தாள் தங்கியிருந்தால்தான் தையல் பிடிக்கும்.

#9 சாம்பல்பூனை
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஜெஸ்ஸோவே எதுக்கு? நல்ல தாளா இருந்தா அக்ரிலிக் நேரா பிடிக்கும். வாட்டர்கலர் ஸ்டைல் ஓட்டம் வேணும்னா ஜெஸ்ஸோ கெடுதல்தான். தாளுக்குள்ள ஊறாது, மேலேயே நின்னு, அடுத்த ஈரப் பிரஷ் பட்டதும் மொத்தமா கிளம்பிடும்.

#10 காகிதக்கப்பல்
வாட்டர்கலருக்கு நீங்கள் சொல்வது சரி. முதல் அடுக்கு வாட்டர்கலர் என்றால் வெறும் தாளில் போட்டுவிட்டு, பிறகு வேண்டிய இடத்தில் மட்டும் ஜெஸ்ஸோ. ஆனால் அக்ரிலிக்கும் ஒட்டுத்தாளும் என்றால் ஜெஸ்ஸோ இரண்டு வேலை செய்கிறது: தாள் தண்ணீரை உறிஞ்சாமல் தடுக்கும், அதிலுள்ள சுண்ணாம்புத் துகள் பெயின்டுக்குப் பிடிமானம் தரும். ஏ5 பக்கத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும். கரண்டி கரண்டியாகக் கொட்டிச் சுவர் பூச வேண்டாம். வீட்டில் டால்கம் பவுடரும் பசையும் கலந்து ஜெஸ்ஸோ செய்பவர்கள் கவனிக்க: பலகையில் பரவாயில்லை, மடங்கும் பக்கத்தில் விரிசல் விட்டு உதிரும்.

#11 ஏழாம்அடுக்கு
பேச்சை விட ஒரு பக்கத்தை முழுசாகச் செய்வோம். ஏ5 விரிபக்கம், இரண்டு பக்கமும் சேர்த்து.

ஜெஸ்ஸோ இரண்டு தேக்கரண்டி, பிரஷ் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும்படி. வழவழப்பாக்க வேண்டாம், அந்தக் கோடுகளில்தான் பின்னால் நிறம் தங்கும். அரை மணி நேரம் காயட்டும்.

அடுத்து ஒட்டுத்தாள். பழைய புத்தகப் பக்கம், இசைக்குறிப்புத் தாள், டிஷ்யூ. கத்தரிக்காமல் கிழியுங்கள், கிழித்த விளிம்பு பெயின்டுக்குள் கரைந்து போகும், கத்தரித்த விளிம்பு கடைசி வரை தனியாக நிற்கும். பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடாதீர்கள். மேட் மீடியம் அடியிலும் மேலேயும். ஒரு மணி நேரம்.

பிறகு மஞ்சளும் மஜெந்தாவும். ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு, பக்கத்தின் எதிரெதிர் மூலைகளில் வைத்து, ஈரப் பிரஷ்ஷால் நடுவில் சந்திக்க விடுங்கள். சந்திக்கும் இடத்தில் நாலு இழுப்புக்கு மேல் இழுக்காதீர்கள், தேய்க்கத் தேய்க்க எல்லாம் ஒரே ஆரஞ்சாகிவிடும். இருபது நிமிஷம்.

இப்போது பக்கம் காரமாக, கண் கூசும்படி இருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். மேல் அடுக்குகள் எல்லாம் இதை அடக்கத்தான் வருகின்றன. ஆரம்பமே மங்கலாக இருந்தால் பிற்பாடு எதை வைத்துப் பிரகாசிக்கும்?

ஒரு பங்கு வெள்ளை ஜெஸ்ஸோ, மூன்று பங்கு மேட் மீடியம் கலந்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து இழுங்கள். மேடான இடத்தில் ஏறும், பள்ளத்தில் ஏறாது. பக்கத்தில் பாதியை இந்த வெள்ளை மூட்டம் மூடட்டும், மீதிப் பாதி திறந்தே இருக்கட்டும். காய்ந்ததும் ஸ்டென்சில். அதன் பிறகு, தாலோ நீலம் ஒரு துளிக்குப் பத்துப் பங்கு கிளேஸிங் மீடியம் (நிறத்தைக் கண்ணாடிப் படலமாக்கும் நிறமில்லாத அக்ரிலிக் திரவம்) கலந்து, வெள்ளை ஏறிய இடத்தில் மட்டும் ஓட்டுங்கள். வெள்ளை மேல் நீலம் நீலமாகவே நிற்கும். ஆரஞ்சு மேல் போனால் சேறு. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இந்த ஒரே அசைவில் இருக்கிறது: எதிர் நிறத்துக்கு முன்னால் நடுவில் ஒரு வெள்ளை மேடை.

கடைசியில் பாட்டில் மூடி, குமிழ் ஷீட், மேல்தோல் உரித்த நெளி அட்டை எதையாவது பெயின்டில் தொட்டு மூன்று இடத்தில் ஒற்றுங்கள். வரிசையாக வேண்டாம், பக்கத்தில் ஒரு கோணல் முக்கோணம் மாதிரி விழட்டும்.

#12 தூரிகைவால்
இதோடு இன்னொரு உத்தி. மேலே போடுவது மட்டும் அடுக்கு இல்லை, எடுப்பதும்தான். காய்ந்த ஆரஞ்சு மேல் அடர்நீலத்தைக் கெட்டியாக ஒரே வீச்சில் பூசுங்கள். உடனே ஸ்டென்சிலை வைத்து, பிழிந்த ஈரத்துணியை விரலில் சுற்றி ஓட்டைகள் வழியாகத் துடைத்து எடுங்கள். நீலத்துக்குள் ஆரஞ்சு வடிவங்கள் ஜன்னல் மாதிரி திறக்கும். அவகாசம் இரண்டு மூன்று நிமிஷம்தான்; விளிம்பு காய ஆரம்பித்தால் வராது. துணி சொட்டச் சொட்ட இருந்தால் ஸ்டென்சிலுக்கு அடியில் தண்ணீர் புகுந்து வடிவம் கலையும். கீழ் அடுக்கு இளசாக இருந்தால் அதுவும் சேர்ந்து உரிந்து வரும். அதற்கு ஒரு நாள் காய்ந்திருந்தால் நிம்மதி.

#13 மைத்துளி
வெள்ளை மேடை விஷயம் பளிச்சென்று புரிந்தது. இரண்டு சின்னக் கேள்வி. ஸ்டென்சில் அடியில் பெயின்ட் கசிகிறது, ஒட்டிய தாளில் கொப்பளம் வருகிறது.

#14 காகிதக்கப்பல்
கசிவு: பெயின்ட் தண்ணியாக இருக்கிறது அல்லது ஸ்பான்ஜில் அதிகம் இருக்கிறது. தண்ணீர் சேர்க்காத பெயின்டைத் தொட்டு, வேறு தாளில் ஏழெட்டு முறை ஒற்றி, கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டதோ என்று தோன்றும்போது ஸ்டென்சிலுக்கு வாருங்கள். நேராக மேலிருந்து ஒற்றுங்கள், பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. அடர்த்தி போதவில்லையா, இரண்டு முறை ஒற்றுங்கள். ஸ்டென்சில் மூலம் மாடலிங் பேஸ்ட் (மேடு எழுப்பும் கெட்டிப் பூச்சு) போட்டால் 1 மி.மீ. தடிமன் போதும், தையலை விட்டு 2 செ.மீ. தள்ளி. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே இடத்தில் மேடு வைத்தால் மூடும்போது ஒன்றையொன்று கடித்துவிடும். ஸ்டென்சிலை நேராக மேலே தூக்கி உடனே தண்ணீரில் போடுங்கள்.

கொப்பளம்: தாளும் ஈரத்தில் விரியும், அதற்கு நேரம் கொடுங்கள். தடித்த தாள் என்றால் பின்பக்கம் மீடியம் தடவி ஒரு நிமிஷம் விட்டு ஒட்டுங்கள். நடுவிலிருந்து வெளியே, மேலே பேக்கிங் பேப்பர் வைத்து ரோலரால். நாப்கின் என்றால் அச்சிட்ட மேல் ஏட்டை மட்டும் பிரியுங்கள்; அடி ஏட்டோடு ஒட்டினால் நடுவில் பசை போகாமல் கொப்பளிக்கும். இங்க்ஜெட் பிரின்ட் கரையும், லேசர் பிரின்ட் கரையாது. தண்ணீரில் கழுவினால் போகும் பள்ளிக்கூடப் பசையை அடி அடுக்கில் தொடவே வேண்டாம், மேலே ஈரம் பட்டால் இளகும்.

#15 சாம்பல்பூனை
இவ்வளவு நேரம் காயவிட யாருக்குப் பொறுமை? ஹீட் கன் வெச்சா ரெண்டே நிமிஷம்.

#16 ஏழாம்அடுக்கு
மெல்லிய பூச்சுக்குச் சரி. ஜெல் மீடியம், பேஸ்ட் போன்ற தடித்த பூச்சின் மேல் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஆவியான தண்ணீர் வெளியேற வழியில்லாமல் குமிழியாகும். சிலருக்கு அந்தக் குமிழியே பிடிக்கும், அது வேறு. பிளாஸ்டிக் ஸ்டென்சிலும் வளையும். ஹேர் டிரையர், குறைந்த சூடு, 20 செ.மீ. தள்ளி, கையை ஆட்டிக்கொண்டே. அதை விடச் சுலபம் மூன்று விரிபக்கத்தை ஒரே நேரத்தில் நடத்துவது. தனித் தாள்களில் செய்து பிறகு கட்டினால் அது நன்றாக வரும். ஒன்று காயும்போது அடுத்தது.

#17 மைத்துளி
முடித்து மூடிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பெயின்ட் உரிகிறதே?

#18 நூல்கட்டு
தொட்டால் காய்ந்திருப்பதும் உள்ளே இறுகியிருப்பதும் ஒன்றல்ல. அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் படலம். சூட்டில் இளகும், அழுத்தத்தில் தன்னினத்தோடு ஒட்டும். பளபளக்கும் மீடியம் அதிகம் ஒட்டும், மேட் குறைவாக ஒட்டும். அதனால் கடைசிக் கோட் எப்போதும் மேட் ஆக இருக்கட்டும். ஒரு வாரம் நடுவில் பேக்கிங் பேப்பர் வைத்து மூடுங்கள், மேலே கனம் ஏற்றாமல். அப்புறமும் பிசுபிசுத்தால் கோல்ட் வாக்ஸ் (குளிர் மெழுகு) மீடியத்தைத் துணியில் துளி எடுத்துத் தேய்த்து, காய்ந்ததும் மெருகேற்றுங்கள். ஆனால் மெழுகுக்குப் பிறகு பெயின்டோ பேனாவோ பிடிக்காது, எழுத்து வேலை முழுவதும் முடிந்த பிறகே. ஆயில் பாஸ்டலுக்கும் இதே சட்டம், அதன் மேல் அக்ரிலிக் ஒட்டாமல் உரியும்.

ஏற்கெனவே ஒட்டிய பக்கத்தைப் பலமாக இழுக்காதீர்கள். ஜர்னலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். படலம் விறைக்கும். மெல்லிய பேலட் கத்தியை ஓரத்திலிருந்து நுழைத்தால் பெரும்பாலும் பிரிந்து வரும். விறைத்திருக்கும்போது பக்கத்தை மடக்க வேண்டாம், விரிசல் விடும்.

#19 தூரிகைவால்
எழுத்து என்றதும் ஒன்று. பின்னணி எத்தனை அழகாக இருந்தாலும் எழுதினால் படிக்க முடியாத பக்கம் நிறைய. நிறம் மாறுபடும், வெளிச்சம் மாறுபடாது, அதுதான் கோளாறு. பக்கத்தை மொபைலில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எழுதப்போகும் இடத்தில் அந்த ஒன்றுக்கு மூன்று வெள்ளைக் கலவையை இன்னும் இரண்டு முறை வழியுங்கள், எதிர் மூலையில் அடர்நிறம் ஏற்றுங்கள்.

ஃபைன்லைனர் வேண்டாம். அக்ரிலிக் துகள் நாரில் ஏறி முனை அடைத்துவிடும். தண்ணீர் சார்ந்த பெயின்ட் மார்க்கர் நல்லது. ஜெல் பேனா என்றால் மேட் பரப்பில், ஒரு நாள் கழித்து. முனை வழுக்கினால் அந்த இடத்தை 400 கிரிட் உப்புத்தாளால் லேசாக இரண்டு முறை தடவி, தூசியைத் துடைத்துவிட்டு எழுதுங்கள்.

#20 மைத்துளி
ஃப்ரீசர் வைத்தியம் செய்தாயிற்று. நாலு விரிபக்கத்தில் மூன்று முழுசாகப் பிரிந்தது. நாலாவதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஆரஞ்சு உரிந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

#21 ஏழாம்அடுக்கு
இரண்டு பக்கத்தையும் அப்படியே விடுங்கள். உரிந்த இடத்தில் ஜெஸ்ஸோ தொட வேண்டாம். விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் மேட் மீடியத்தைக் கூர்மையான பிரஷ்ஷால் அடியில் விட்டு அழுத்துங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய துண்டு ஒரு அடுக்கு லாபம்.